நூற்று நாற்பது சென்ரிமீற்றர்

எங்கள் குசினிக் கதவு நிலையில் வரிசையாகப் பென்சில் கோடுகள் இருக்கின்றன. 2025 தை மாதத்தில் தொடங்கி சித்திரை வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கோடு. மகன் நிலையோடு முதுகை ஒட்டி நிமிர்ந்து நிற்பான். நான் அடிமட்டத்தைத் தலையில் படுக்க வைத்துக் கோடு கீறுவேன். பிறகு தையல் நாடாவால் அளப்போம். 137. அடுத்த கிழமையும் 137. மாசியில் 138. அவன் முகம் மலர்ந்துவிடும். எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சென்னைக்கு வெளியே இருக்கும் ஒரு தீம் பார்க்கின் இணையத்தளத்தில் இரண்டு விஷயங்கள் எழுதியிருந்தார்கள். 140 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சிறுவர் டிக்கெட், அதற்கு மேலே போனால் முழு டிக்கெட். ரோலர் கோஸ்டர் போன்ற பெரிய ஆட்டங்களில் ஏறவும் குறைந்தது 140 சென்ரிமீற்றர் வேண்டும். மகன் இரண்டாவதை வாசித்தான். நான் முதலாவதை வாசித்தேன். அவன் கிணற்றடிக் கொய்யா மரத்தில் காலையும் மாலையும் தொங்கத் தொடங்கினான், தொங்கினால் உயரலாம் என்று வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறான். நானோ, சித்திரை முடியும்வரை இவன் வளராமல் இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெற்ற தாய் நினைக்கிற நினைப்பா அது!

இந்த விசர் எல்லாம் தொடங்கியது 2024 நல்லூர்த் திருவிழாவோடு. ரொறன்ரோவிலிருந்து அக்கா குடும்பம் வந்து எங்களோடு மூன்று கிழமை நின்றது. கொடியேறினால் கோண்டாவிலில் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, அக்காவின் பிள்ளைகளுக்கு மரக்கறியும் பிடிப்பதில்லை. அதனால் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். கதை முழுக்க கனடாஸ் வொண்டர்லாண்ட். அங்கே லெவியத்தன் என்று ஒரு ரோலர் கோஸ்டர், 2012இல் திறந்தது, 93 மீற்றர் உயரம். "93 மீற்றர் எண்டா எவ்வளவு?" என்று மகன் கேட்டான். நான் கணக்கு ரீச்சர், சும்மா இருக்க மாட்டேன்தானே. "ஒண்டுக்கு மேல ஒண்டா மூண்டு பெரிய பனை" என்று வேலிக்கு அங்கால் நின்ற பனையைக் காட்டினேன். அவன் வட்டுவரை பார்த்தான், அதற்கு மேலேயும் பார்த்தான். அன்று இரவு படுக்கையில், "அம்மா, நாங்கள் எப்ப போறது?" என்றான். நித்திரைத் தூக்கத்தில் "போவம்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லின் விலை 684,200 ரூபாய். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

இவருக்குச் சுன்னாகத்தில் நீர்ப்பம்பி மோட்டார் திருத்தும் கடை. செப்புக் கம்பி விலை, சுருள் எரிந்த மோட்டார், கடன் சொல்லிப் போகும் தோட்டக்காரர் இதுதான் அவர் உலகம். "அவிசாவளைப் பக்கம் லெஷர் வேர்ல்ட் இருக்கு, ஒரு இரவு கொழும்பில நிண்டிட்டு வரலாம்" என்றார். நியாயமான கதைதான். ஆனால் மகள் அங்கே ஏற்கெனவே பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போய்விட்டாள். போன இடத்துக்குத் திரும்பப் போக ஏன் காசு என்று அவள் கேட்டபோது தகப்பனின் மகள் என்று தெரிந்தது. சிங்கப்பூர் என்று ஒரு நாள் நானே தொடங்கினேன். யூனிவர்சல் ஸ்ரூடியோஸ் டிக்கெட்டை ஐந்து பேருக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். மிஞ்சியது சென்னை.

எப்போது போவது என்பதற்கே இரண்டு மாதம் சண்டை. ஆவணி விடுமுறை என்றால் நல்லூர். திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போவதென்றால் மாமி பேச்சை நிறுத்திவிடுவார். போதாததற்கு மகனுக்கு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையும் ஆவணியில். மார்கழி என்றால் மழை. இங்கேயும் மழை, சென்னையிலும் மழை. அதோடு திருவெம்பாவை. மிச்சம் சித்திரைதான், ஆனால் சித்திரையில்தான் வலிகாமம் முழுக்க வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைத்து இறைத்து மோட்டார்கள் எரியும். கடைக்கு வருமானம் வரும் மாதம். "ஒரு கிழமை கடையைப் பூட்டினா எவ்வளவு போகும் தெரியுமே?" என்று இவர் கேட்டார். அதையும் எழுதுங்கோ என்று பயணக் கணக்கு எழுதும் சீ.ஆர். கொப்பியை நீட்டினேன். அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்றோடு பயணம் நின்றிருக்கும்.

வருடப்பிறப்புக்கு மருத்துநீர் வைத்து, கைவிசேஷம் வாங்கி, அதற்குப் பிறகு போய், பள்ளிக்கூடம் தொடங்க முதல் திரும்பிவிடுவது என்று முடிவானது. ரியூசன் மாஸ்டர், "இந்த வருசத்திலையோ?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்ட விதத்தில் எனக்கு இரண்டு இரவு நித்திரை இல்லை.

காசுக் கதைக்கு வருகிறேன்.

அக்காவிடம் போனில் சொன்னதும் முதல் கேள்வியே, "எவ்வளவு அனுப்ப?" வேண்டாம் என்றேன். "ஏன், எங்கட காசு உங்களுக்குப் பிடிக்கேல்லையோ?" என்று கோபித்துக்கொண்டார். பிடிக்காமல் என்ன. 2022இல் காஸ் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலத்தில், இவருடைய கடையில் மின்சாரமும் இல்லை, வேலையும் இல்லை, அக்காவின் காசில்தான் அடுப்பு எரிந்தது. அதற்கு முதல் கிணறு ஆழமாக்கியது, மாமியின் கண் சத்திரசிகிச்சை, மகளின் சைக்கிள். வீட்டில் எதைத் தொட்டாலும் அதில் அக்காவின் பெயர் இருக்கிறது. ஒரே ஒரு விஷயம், சாப்பாடும் மருந்தும் இல்லாத, தேவையே இல்லாத ஒரு விஷயம், அதை எங்கள் காசில் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. தேவைக்கு வாங்கலாம், ஆடம்பரத்துக்குக் கைநீட்டக் கூடாது என்பது என் கணக்கு. வெளிநாட்டுக் காசில் ஓடும் ஊரில் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள் என்றும் தெரியும்.

என்னோடு படிப்பிக்கும் ஒரு ரீச்சர் சீட்டுப் பிடிப்பவர். 15 பேர், மாதம் 20,000. தை மாதம் சேர்ந்து, பங்குனியிலேயே கழிவு கேட்டேன். முந்தி எடுப்பவளுக்குக் கழிவு கூடத்தான் போகும், 45,000 விட்டு 255,000 கையில் வந்தது. வகுப்பில் பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்குப் படிப்பிக்கும்போது கரும்பலகையைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. சனிக்கிழமை வகுப்புக் காசில் சேர்த்தது 90,000. இவர் தந்தது 100,000. மாமி தன் பென்சனிலிருந்து 75,000. பிள்ளைகளின் உண்டியலும் வருடப்பிறப்புக் கைவிசேஷமுமாக 18,500. மொத்தம் 538,500. காப்பை அடகு வைக்கலாமா என்று ஒரு யோசனையும் வந்தது. நகை விலை இப்படி ஏறும் நேரத்தில் வைத்துவிட்டு மீட்க முடியாமல் போனால் திரும்பி வாங்கவே முடியாது என்று வளையலை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

கடவுச்சீட்டு, விசா, வெளிநாடு போகக் கல்வி வலயத்தில் அனுமதி இதெல்லாம் தனிப் புராணம், சுருக்கமாக முடிக்கிறேன். கடவுச்சீட்டு பெரியவர் ஒருவருக்கு 10,000. அதற்காக வவுனியாவுக்கு இரண்டு தரம் பஸ்ஸில் போனோம். நாங்கள் எல்லாம் முடித்துத் திரும்பிய பிறகு, 2025 செப்ரெம்பரில், யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே கடவுச்சீட்டு அலுவலகம் திறந்தார்கள். எங்கள் ராசி. விசாவுக்கு இரண்டுக்கு இரண்டு அங்குலப் படம் வேண்டும். மகன் படத்திலும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான், உயரமாகத் தெரிய வேண்டுமாம். வங்கிக் கூற்றும் கேட்டார்கள். என் கணக்கில் அவ்வளவு காசு கிடந்தது அந்தச் சில நாள்கள்தான். அச்சடித்த கூற்றைப் பார்த்து இவர், "ஆற்ற கணக்கு இது?" என்றார்.

பலாலியிலிருந்து பறந்தால் சென்னை ஒரு மணித்தியாலக் கணக்கில் வந்துவிடும். நான் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் மாமி கொப்பியை வாங்கிக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, "பிள்ளை, கப்பலில போனா நாகப்பட்டினம். நாகப்பட்டினத்தால போனா சிதம்பரம் வழியில" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாமி சைவசமயம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். சிதம்பரத்தில் ஆறுமுக நாவலர் 1864இல் பள்ளிக்கூடம் வைத்த கதையை எத்தனையோ வருடம் வகுப்பில் சொன்னவர், தான் அங்கே போனதில்லை. சின்ன வயதில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேஸ்வரம் போனதோடு சரி. பிறகு கப்பலும் இல்லை, போக்கும் இல்லை. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் 2023 ஒக்ரோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆவணியில் திரும்ப ஓடத் தொடங்கியபோதே மாமி மனத்துக்குள் டிக்கெட் எடுத்துவிட்டார் போல. தீம் பார்க் என்று தொடங்கிய பயணம் பாதி யாத்திரையாகிவிட்டது. மகளுக்கு முகம் சுருங்கியது. மாமியின் 75,000 கொப்பியில் இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை.

கப்பலில் நாலு மணித்தியாலம். முதல் ஒரு மணித்தியாலம் படம் எடுத்தோம், மிச்சம் மூன்றும் நான் பொலித்தீன் பையோடு இருந்தேன். மாமி தேவாரம் பாடிக்கொண்டு ஒரு சலனமும் இல்லாமல் வந்தார்.

நாகப்பட்டினத்தில் வான் பிடித்தோம். காரைக்கால் தாண்டி சீர்காழி வந்ததும், "சம்பந்தர் பிறந்த ஊர், இறங்காமல் போறதோ?" என்றார் மாமி. இறங்கினோம். வான்காரருக்குக் காத்திருப்புக் காசு. சிதம்பரத்தில் இரவு தங்கல். காலையில் கனகசபைக்கு முன்னால் மாமி இருந்தவர் எழும்பவே இல்லை. பத்தரை மணிக்குச் சென்னைக்குப் புறப்பட வேண்டும், வான் வெளியே நிற்கிறது, நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இவர் வந்து, "அம்மாவை எழுப்பாதையும்" என்றார். எழுப்பவில்லை. அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்கான காத்திருப்புக் காசை நான் கொப்பியில் எழுதவும் இல்லை. முழுக் கொப்பியிலும் நான் வேண்டுமென்று எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

சென்னையில் வளசரவாக்கத்தில் இவருடைய பெரியம்மா மகள் வீடு. 1990களில் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். "ஹோட்டலில ஏன் காசைக் கொட்டுறியள், எங்களோட நில்லுங்கோ" என்றார்கள். சும்மா தங்கலாம் என்று கொப்பியில் தங்குமிடத்துக்கு நேரே ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். உறவினர் வீட்டில் சும்மா தங்கியவர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். பனங்கட்டி, பனாட்டு, புழுக்கொடியல், எள்ளுப்பாகு, இடித்து வறுத்த மிளகாய்த்தூள் மூன்று கிலோ, அந்த வீட்டு மருமகளுக்குச் சாறி, பேரப்பிள்ளைக்குக் காற்சங்கிலி. வெறுங்கையோடு போக முடியுமா? மிளகாய்த்தூள் வாசம் என் சுடிதார்கள் எல்லாவற்றிலும் ஏறி, சென்னையில் நான் நடமாடும் குசினியாகத் திரிந்தேன். ஹோட்டலில் இரண்டு அறை எடுத்திருந்தால் மலிவாக முடிந்திருக்கும். ஆனால் அந்த அக்கா முதல் இரவு எங்களுக்குப் பிட்டவித்து, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைத்து, "தூள் வாசம் வருதே?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றதை ஹோட்டல்காரர் செய்யமாட்டார்.

இனி காசு மாற்றிய கதை. இலங்கைக் காசை டொலராக்கி, அங்கே டொலரை இந்திய ரூபாயாக்கினால், ஒரு இந்திய ரூபாய் எங்களுக்கு 3 ரூபாய் 60 சதம் விழுந்தது. இவர் எதைக் கண்டாலும் பெருக்கினார். இளநீரைப் பெருக்கினார். ஓட்டோவைப் பெருக்கினார். இரண்டாம் நாள் மகளும் பெருக்கத் தொடங்கினாள். மகன் மட்டும் பெருக்கவில்லை. அவன் குதியை உயர்த்தி உயர்த்தி நடந்துகொண்டிருந்தான். புறப்படும் வாரத்தில் கதவு நிலை 139 காட்டியது. இன்னும் ஒரு சென்ரிமீற்றர் வழியில் வளரும் என்று நம்பினான்.

பார்க்குக்குப் போனது பெரிய வெள்ளிக்கிழமை. அன்று விடுமுறை என்பது அங்கே போய்ச் சனத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. காலை ஒன்பதே முக்காலுக்கு வாசலில் பையைச் சோதித்தார்கள். வெளிச் சாப்பாடு கொண்டுபோக முடியாதாம். மாமி விடிய நாலு மணிக்கு எழும்பி அவித்த இடியப்பமும் சம்பலும் இரண்டு பெட்டி. எறிய மனம் வருமா? வாசலுக்குப் பக்கத்து மதிலோரம் நின்று ஐந்து பேரும் முழுவதையும் சாப்பிட்டோம். வரிசையில் நின்ற சனம் எங்களைத்தான் முதல் காட்சியாகப் பார்த்தது.

டிக்கெட் ஒன்று 1,300 இந்திய ரூபாய் என்றுதான் நான் எழுதியிருந்தேன். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 1,534. சிறுவர் டிக்கெட் வரியோடு 1,227. மாமிக்கும் மூத்தோர் கட்டணம் அதே 1,227. ஒரு ஆட்டத்திலும் ஏறாமல் மரத்தடியில் பையோடு இருப்பதற்கு. கணக்கெல்லாம் சரி என்று காசை எண்ணி வைத்தபோது, உள்ளே இருந்த பெடியன் மகனைச் சுவரோரம் நிற்கச் சொன்னான். மகன் நின்றான். தன் புதுச் சப்பாத்தோடு. கஸ்தூரியார் வீதியில் வருடப்பிறப்புக்கு வாங்கியது, அடி தடித்தது. 140ஐத் தாண்டி ஒரு நூல்.

"ஃபுல் டிக்கெட் மேடம்."

நான் சப்பாத்தைக் கழற்றச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மகனின் முகத்தைப் பார்த்தேன். மூடிவிட்டேன். நாலு மாதமாகக் கொய்யா மரத்தில் தொங்கியவன் முகம் அது. 307 இந்திய ரூபாய் கூடக் கட்டினேன். எங்கள் காசில் 1,105. தன்னை முழு ஆள் என்று சொல்லிவிட்டார்கள் என்று அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலைத் தாண்டினான்.

ரோலர் கோஸ்டர் வரிசையில் ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் வெயிலில் நின்றோம். இவர், மகள், மகன், நான். எங்கள் முறை வந்தது. அங்கே ஒரு கம்பு, அதில் 140 என்று கோடு. ஆட்டத்தில் ஏறச் சப்பாத்தைக் கழற்றி வைக்க வேண்டும். கழற்றினான். நின்றான். கோட்டுக்கும் தலைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

அதற்குப் பிறகு நடந்ததை முழுக்க எழுத மாட்டேன். வாசலில் 140, இங்கே 139, எது சரி என்று நான் கேட்டேன். கணக்கு ரீச்சர் குரலில் கேட்டேன் என்று மகள் பிறகு சொன்னாள். அந்தப் பிள்ளை என்ன செய்வான், பாதுகாப்பு விதி அக்கா என்றான். அவன் சொன்னது சரிதான் என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பின்னால் நின்ற சனம் முணுமுணுத்தது. மகன் அழவில்லை. சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினான். அழுதிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். இவரும் அவனோடு இறங்கிவிட்டார். நானும் மகளும் ஏறினோம். உச்சியிலிருந்து கீழே விழும்போது எல்லோரும் கத்தினார்கள், நான் கத்திய கத்தல் பயத்தில் கத்தியது என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

தண்ணீர்ப் பகுதிக்கு நைலோன் உடுப்புத்தான் வேண்டுமாம், பருத்திச் சுடிதார் கூடாது. அதற்கு ஒரு வாடகை, லொக்கருக்கு ஒரு வாடகை, மத்தியானச் சாப்பாடு, தண்ணீர்ப் போத்தல். அலைக் குளத்தில் மகன் பின்னேரம் வரை கிடந்தான். சந்தோஷமாக இருந்தானா என்று கேட்டால், இருந்தான், ஆனால் குளத்திலிருந்து பார்த்தால் அந்த ரோலர் கோஸ்டர் தெரியும். அடிக்கடி பார்த்தான். மாமி மரத்தடியில் யாரோ மதுரைக் குடும்பத்தோடு கதைத்துக் கதைத்து, அவர்களின் இரண்டாவது மகளுக்குச் சாதகம் பார்க்கும் அளவுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் தி.நகர். பக்கத்து வீட்டார், பள்ளிக்கூட ரீச்சர்மார், இவருடைய கடைப் பெடியன், எல்லாரும் தந்த பட்டியல். சாறி, நைட்டி, பிள்ளைக்குச் சுடிதார், குத்துவிளக்குத் திரி. "வாங்கிக்கொண்டு வாங்கோ, காசு வந்து தாறன்" என்ற வசனத்தோடு. இரவே நாகப்பட்டினத்துக்கு வான், விடியக் கப்பல், ஞாயிறு மத்தியானம் காங்கேசன்துறை. திங்கள் காலை ஏழரைக்கு நான் பள்ளிக்கூடத்தில் நின்றேன், தரை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

கொப்பியைத் திறந்து கூட்டியது அதற்கு அடுத்த சனிக்கிழமை. செலவு 684,200. பார்க்குக்குள் செலவானது வெறும் 48,900. பதினாலில் ஒரு பங்கு. மிச்சம் பதின்மூன்று பங்கும் அந்த வாசலுக்குப் போய்ச் சேரவும் திரும்பி வரவும். அதைவிட வேறொரு விஷயம் இடித்தது. வரவு 538,500. செலவு 684,200. கையில் இன்னும் 3,400 மிச்சம் கிடக்கிறது. இரண்டு தரம் கூட்டினேன். மூன்றாம் தரம் மகளைக் கூட்டச் சொன்னேன். 149,100 ரூபாய் எங்கிருந்தோ வந்திருக்கிறது.

காசு குறைந்தால் தேடலாம். கூடியிருந்தால் எங்கே தேடுவது? திரும்பி வரும்போது வான்காரருக்கும் தி.நகரில் கடைசிப் பில்லுகளுக்கும் இவர்தான் கொடுத்தார், யாரோ தோட்டக்காரர் பழைய கடன் தந்ததாகச் சொன்னார். சித்திரையில் தோட்டக்காரர் கடன் தந்த சரித்திரம் உண்டா? நானும் அந்த நேரத்தில் நம்பத்தான் செய்தேன், நம்பாமல் இருக்க வசதி இல்லை.

இவர் மோட்டாருக்குச் சுருள் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். "கொக்கா 700 டொலர் அனுப்பினவா. உமக்குச் சொல்ல வேண்டாம் எண்டவா."

இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. சோறு போட்டேன், தேத்தண்ணி வைத்தேன், கதைக்கவில்லை. என் வீம்பு அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் வாங்கியிருக்கிறார். வாங்காமல் விட்டிருந்தால் தி.நகரில் யாரிடம் கைநீட்டி நின்றிருப்போம் என்பதும் எனக்குத் தெரிந்தது. அதுதான் கூடுதலாகக் கோபம் வந்தது.

அக்காவிடம் உடனே கேட்கவில்லை. மாதங்கள் போயின. ஆவணியில் மகன் பரீட்சை எழுதினான், 70க்கு மேல் எடுத்தான், வெட்டுப்புள்ளிக்கு எட்டவில்லை. "அந்த ஒரு கிழமைதான்" என்று சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒரு கிழமைப் பாடத்தில் அத்தனை புள்ளி இருக்குமென்றால் நான் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். மாமிதான் அவருக்குப் பதில் சொன்னார், அதை இங்கே எழுத முடியாது.

போன கிழமைதான் அக்காவோடு இந்தக் கதையை எடுத்தேன். ரொறன்ரோவில் பனி, அவர் இரவு வேலை முடித்து வந்து தேத்தண்ணியோடு இருந்தார். ஏன் அனுப்பினனீங்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"பிள்ளையள் அண்டைக்கு உங்கட வீட்டில வொண்டர்லாண்ட் கதை கதைச்சாங்கள் எல்லே. அது பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு போனது. நாங்கள் குடும்பமாப் போய் எத்தனை வருசம். மோட்கேஜ் கூடின பிறகு போகவே இல்ல. உன்ர பிள்ளையள் என்ர பிள்ளையளின்ர கதையைக் கேட்டுத்தானே ஆசைப்பட்டதுகள். அதுதான்."

கனடா என்றால் காசு என்று நான் வைத்திருந்த கணக்கில், இரவு வேலைக்குப் போய்வரும் அக்காவை நான் ஒரு நிரலிலும் போடவே இல்லை. 700 டொலரை அவர் எதிலிருந்து எடுத்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பேச்சை மாற்ற, இங்கே மழை என்றேன், மகளின் நோட்டுப்புத்தக விலை என்றேன், சீட்டில் இன்னும் மூன்று மாதம் கட்டக் கிடக்கிறது என்றேன்.

"இப்ப அவன் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார் அக்கா.

குசினி நிலையைத் திரும்பிப் பார்த்தேன். அளப்பதைச் சித்திரையோடு நான் விட்டுவிட்டேன், அவன் விடவில்லை. ஐப்பசியில் தானே கீறிய கோடு ஒன்று மற்றவற்றுக்கு மேலே கொஞ்சம் சரிந்து கிடந்தது.

"நூற்று நாற்பத்தொண்டு" என்றேன்.

"சப்பாத்தோடையோ?" என்று கேட்டுவிட்டு அக்கா சிரிக்கத் தொடங்கினார்.